நதியைத் தீட்டக் கற்ற வரலாறு

ஓடும் நீரைத் தீட்டுதல் ஓவியர்க்கு என்றும் அரிய காரியமே. மலை நிற்கும், மரம் நிற்கும், நீரோ நில்லாது. அதன் நிறமும் அதற்கே உரியதன்று. வானமும் கரையும் கொடுத்த நிறம் அது. இக்காரியத்தைப் பிரான்சு தேசத்து ஓவியர் சிலர் 19ஆம் நூற்றாண்டிலே கற்ற முறையும், அக்கல்வியின் பயன் நம் நாட்டை எய்திய வழியும் ஈண்டுச் சுருக்கமாக ஆராயப்படும்.

அக்காலப் பாரிஸ் நகரத்துக் கலைப்பள்ளிகள் அறையினுள்ளேயே கற்பித்தன. ஓவியர் ஆற்றங்கரையிற் சிறு குறிப்புக்களை வரைந்து வந்து, முழு ஓவியத்தையும் வீட்டிலிருந்தே முடிப்பர். தைல வர்ணத்தை வெளியே கொண்டு செல்வதும் எளிதாயிருக்கவில்லை. குழைத்த வர்ணத்தைப் பன்றியின் சிறுநீர்ப்பையிற் கட்டி வைப்பர். அது கிழியும், உலரும். 1841இல் ஜோன் கொஃப் ராண்ட் என்னும் அமெரிக்க ஓவியர், அழுத்தினால் வர்ணம் வெளிவரும் வெள்ளீயக் குழாய்க்கு இலண்டனிலே காப்புரிமை பெற்றார். புகையிரதப் பாதைகளும் பெருகின. வர்ணப்பெட்டியைச் சுமந்து காலையிற் சென்று மாலையில் மீளுதல் கைகூடியது.

1869ஆம் ஆண்டுக் கோடையில் குளோட் மொனே, ஒகுஸ்த் ரெனுவா என்னும் நண்பர் இருவர், ஸீன் நதிக்கரையிலுள்ள லா கிரெனுயேர் என்னும் நீராடு துறையில் அருகருகே அமர்ந்து ஒரே காட்சியைத் தீட்டினர். ஆசிரியர் எவரும் உடனிலர், நதியே ஆசிரியர். அலையை வரம்பிட்டு வரையாது, கிடையான குறுந்தீற்றல்களை ஒன்றன்மேலொன்றாக இட்டனர். நிழல் கருமையன்று, அதனுள்ளும் நீலமும் ஊதாவும் உண்டு என்பதைக் கண்டனர். பின்னர் ஆர்ஜந்தேய் என்னும் ஊரில் வாழ்ந்த மொனே, ஓர் ஓடத்தையே ஓவியக்கூடமாக்கி நீரின் நடுவிலிருந்து நீரைத் தீட்டினார்.

1874இல் இக்குழுவினர் தம் முதற் கண்காட்சியை நடத்தினர். மொனேயின் 'மனப்பதிவு, சூரியோதயம்' என்னும் படத்தின் பெயரைப் பிடித்துக்கொண்டு லூயி லெருவா என்னும் விமர்சகர் எள்ளி எழுதினார். அந்த எள்ளற் சொல்லே 'மனப்பதிவு நெறி' என நிலைத்தது. ஆயினும், விரைந்து தீட்டுதல் அலட்சியமாகத் தீட்டுதலன்று. 1891இல் எப்த் நதிக்கரைப் பொப்லர் மரங்களை மொனே தீட்டியபோது ஒளி மாறுந்தோறும் வேறு கித்தானை எடுத்தார். மரங்கள் ஏலத்தில் விற்கப்படவிருந்தமையால், தாம் தீட்டி முடிக்கும்வரை அவற்றை வெட்டாதிருக்க மரவணிகர் ஒருவருக்குப் பணமுங் கொடுத்தார். அத்துணைப் பொறுமை அவ்விரைவின் பின்னே நின்றது.

இலங்கையிலே இக்காற்றை முதலிற் கொணர்ந்தோருள் ஒருவர், 1920களிற் சித்திர வித்தியாதரிசியாயிருந்த சி. எவ். வின்சர். படியெடுத்தலைத் தள்ளி, தம் கண்ணாற் கண்டு வரையுமாறு மாணவரை ஊக்கினார் அவர். 1943இல் கொழும்பிலே தோன்றிய '43 குழு' ஓவியரும் பழைய கலைக்கூட மரபைக் கடந்து சென்றனர். யாழ்ப்பாணத்திலே எஸ். ஆர். கனகசபை 1938இல் நிறுவிய ஓவியக் கழகம் வின்சரின் பெயரையே தாங்கியது.

இவ்வரலாறு லுணுகலையிலுள்ள நமக்கு எற்றுக்கு எனின், கூறுவாம். நதியொன்று வரைக என்றால் நம் மாணவர் பலர் முக்கோண மலையிரண்டு, நடுவே சூரியன், கீழே நீலநிற ஆறு என வரைகின்றனர். பதுளு ஓயாவோ வடகீழ்ப் பருவமழையில் மண்ணின் நிறம் கொள்ளும். வெயிற்காலத்திற் பாறைகளிடையே பசுமை காட்டும். தேயிலை விளம்பரப் படங்களிலே நம் மலைகள் பல்லாண்டு பிறர் கண்ணாலேயே தீட்டப்பட்டன. கொழுந்து பறிப்போர் என்றும் புன்முறுவலோடு நின்றனர். அம்மலைகளின் உண்மை நிறத்தை லயத்துப் பிள்ளையே அறியும். தைல வர்ணம் விலையுயர்ந்ததாயின் நீர்வர்ணம் போதும். அதுவும் அரிதாயின் கரித்துண்டு போதும். வேண்டுவது, அரைநாழிகை கரையில் அமர்ந்து, கண்டதை மட்டும் இடும் நேர்மையே. தன் ஆற்றைத் தானே கண்டு தீட்டிய பிள்ளை, தன் ஊரைப் பிறர் வரைந்த படத்தின் குறையையும் கண்டு சொல்லும்.