பெம்பிளை ஒருமை பிறந்த கதை

பள்ளிவாசலிலிருந்து மூணாறுக்கு ஏறும் மலைச்சாலையின் இரு பக்கமும் தேயிலைதான். கேரளத்தின் முதல் நீர்மின் நிலையம் 1940-இல் இந்தப் பள்ளிவாசலில்தான் ஓடத் தொடங்கியது. மாநிலத்துக்கே வெளிச்சம் கொடுத்த இந்த மலையில், கொழுந்து எடுப்பவர்கள் தலைமுறை தலைமுறையாக லயங்கள் எனப்படும் ஒற்றை அறை வரிசை வீடுகளில் வாழ்கிறார்கள். பெரும்பாலோர் தமிழர்கள். தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து பஞ்சத்துக்குப் பயந்தும் சாதிக்குப் பயந்தும் மலையேறியவர்களின் வழிவந்தவர்கள்.

2015 செப்டம்பர் முதல் வாரம். இங்குள்ள தோட்டங்களை நடத்தும் கண்ணன் தேவன் நிறுவனம் அந்த ஆண்டு போனஸ் பத்து சதவீதம் என்று அறிவித்தது. முந்தைய ஆண்டு கிடைத்தது பத்தொன்பது. நாள் கூலி 232 ரூபாய். பிள்ளைகளின் பள்ளிச் செலவும் வாங்கிய கடனும் போனஸை நம்பியே இருந்தன. அது பாதியாகிவிட்டது என்ற செய்தி எஸ்டேட் எஸ்டேட்டாகப் பரவியதும், பெண்கள் வேலையைப் போட்டுவிட்டு மூணாறு டவுனுக்கு இறங்கினார்கள். கொச்சி–தனுஷ்கோடி நெடுஞ்சாலையிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். ஆயிரக்கணக்கில் இருந்தார்கள்.

கோபம் நிறுவனத்தோடு நிற்கவில்லை. ஏஐடியுசி, சிஐடியு, ஐஎன்டியுசி என்று மூன்று பெரிய தொழிற்சங்கங்கள் அங்கே வேரூன்றியவை. மாதா மாதம் சந்தா வாங்கும் அந்தச் சங்கங்களின் தலைவர்கள் நிர்வாகத்தோடு ஒத்துப்போகிறார்கள் என்ற சந்தேகம் நெடுநாளாகப் புகைந்து கொண்டிருந்தது. எந்தக் கொடியும் வேண்டாம், எந்தத் தலைவரும் எங்களுக்காகப் பேச வேண்டாம் என்றார்கள் பெண்கள். ஆதரவு சொல்ல வந்த அரசியல்வாதிகள் பலரைத் திருப்பி அனுப்பினார்கள். தங்கள் வீட்டு ஆண்களைக்கூட ஒதுங்கி நிற்கச் சொன்னார்கள். ஆண்கள் உள்ளே வந்தால் சங்கமும் கட்சியும் பின்னாலேயே வந்துவிடும் என்பது அவர்களுக்குத் தெரியும். இந்தப் போராட்டத்தின் ஆகப் பெரிய அறிவு இதுதான் என்று நான் நினைக்கிறேன்.

கொடி இல்லாத கூட்டத்துக்கும் ஒரு பெயர் வேண்டும். அது சாலையிலேயே வந்து சேர்ந்தது: பெம்பிளை ஒருமை. பெண்பிள்ளை என்பது பேச்சில் தேய்ந்து பெம்பிளை ஆனது. ஒருமை மலையாளத்தில் ஒற்றுமையைக் குறிக்கும். தமிழ் இலக்கணம் படித்தவருக்கோ அது ஒன்றைக் குறிக்கும் சொல். மூணாறில் இரண்டு மொழியும் ஒரே வாயில் புழங்குவதால், இரு தரப்புக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. அலுவலகத்தில் உட்கார்ந்து வைத்த சங்கப் பெயர்கள் எழுத்துகளின் சுருக்கமாக இருந்தன. இதுவோ லயத்தில் பேசும் பேச்சாகவே இருந்தது.

லிசி சன்னி, கோமதி, இந்திராணி, ராஜேஸ்வரி ஆகியோர் முன்னால் நின்றார்கள். முதலமைச்சர் உம்மன் சாண்டி முன்னிலையில் பேச்சு நடந்தது. எதிர்க்கட்சித் தலைவர் அச்சுதானந்தன் போராட்டக் களத்துக்கே வந்து பெண்களோடு உட்கார்ந்தார். செப்டம்பர் 13 இரவு ஒப்பந்தமானது: போனஸ் 8.33 சதவீதம், கருணைத்தொகை 11.67, ஆக இருபது. கேட்டது முழுசாகக் கிடைத்தது. நாள் கூலி 500 ரூபாய் வேண்டும் என்ற இன்னொரு கோரிக்கை அவ்வளவு எளிதில் கனியவில்லை. இரண்டாம் சுற்றுப் போராட்டத்துக்குப் பின் அக்டோபரில் 301 ரூபாயில் நின்றது.

நவம்பர் உள்ளாட்சித் தேர்தலில் பெம்பிளை ஒருமை வேட்பாளர்கள் நின்றார்கள். தேவிகுளம் வட்டாரப் பஞ்சாயத்துக்குக் கோமதி தேர்வானார். பிறகு பிளவு வந்தது, தலைவிகள் பிரிந்தார்கள். பெயர் அழியவில்லை.

2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறை அடுத்த பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியது. எழுபது பேர் போனார்கள். முதலமைச்சர் பினராயி விஜயன் பார்க்க வந்த நாளில் கோமதி மூணாறில் மறியல் செய்து கைதானார். அவர் கேட்டது தோட்டத் தொழிலாளருக்குச் சொந்த நிலமும் வீடும். மாடாக உழைத்துவிட்டு, ஓய்வு பெற்றதும் காலி செய்து கொடுக்க வேண்டிய லயத்தில் இருப்பவர்களுக்கு இதைவிட நியாயமான கோரிக்கை வேறு என்ன?