பணமும் காசும்: எல்லைக்கோட்டில் வாழ்ந்த வில்லியனூரும் பாகூரும்

பிரெஞ்சிந்தியாவின் அஞ்சல்தலைகளைப் பார்த்தவர்கள் ஒரு விநோதத்தைக் கவனித்திருக்கக்கூடும். 1923 தொடங்கி வந்த தலைகளில் விலையைக் குறிக்கப் பயன்பட்ட சொற்கள் பிராங்கும் சாந்தீமும் அல்ல. 'ஃபனோன்', 'காஷ்' என்பவை. இரண்டும் பாரிசில் பிறந்தவை அல்ல. நமது பணமும் நமது காசும்தான் பிரெஞ்சு உச்சரிப்பில் போய்த் திரும்பி வந்திருக்கின்றன. 24 காசு ஒரு பணம், 8 பணம் ஒரு ரூபாய்; ஆக ரூபாய்க்கு 192 காசு. எல்லைக்கு அப்பால் பிரிட்டிஷ் இந்தியாவில் ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 தம்படி, அங்கேயும் 192. ஒரு காசு ஒரு தம்படிக்குச் சமம், ஒரு பணம் இரண்டணாவுக்குச் சமம். இரண்டு அரசுகள், இரண்டு சட்டங்கள், ஒரே கணக்கு. புதுவையின் கிராமத்து மக்கள் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியைக் கடந்தது இந்தக் கணக்கை வைத்துக்கொண்டுதான்.

புதுச்சேரி வரலாறு என்று எழுதப்படுவது பெரும்பாலும் நகரத்தின் வரலாறு. கடற்கரை, ஆளுநர் மாளிகை, பஞ்சாலைகள், வ. சுப்பையா, எதுவார் குபேர். கிராமங்கள் அதில் ஒரே ஒருமுறை, 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில், தலைகாட்டிவிட்டு மறைந்துவிடுகின்றன. அந்த வாக்கெடுப்புக்கு முந்தைய ஐந்தாறு ஆண்டுகள் வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் அன்றாட வாழ்வு எப்படி நடந்தது, எது விலை ஏறியது, எந்தச் செய்தி எந்த வழியாக வந்தது என்பதை யோசித்துப் பார்க்காமல் கீழூரைப் புரிந்துகொள்ள முடியாது என்று எனக்குத் தோன்றுகிறது.

முதலில் நிலப்படத்தைப் பார்க்க வேண்டும். புதுச்சேரிப் பகுதி ஒரே நிலப்பரப்பு அன்று. கிழிந்த துணித் துண்டுகளைப்போல் அன்றைய தென்னாற்காடு மாவட்டத்தினுள் சிதறிக் கிடப்பது. இன்றும் புதுவையிலிருந்து விழுப்புரத்துக்குப் பேருந்தில் போகிறவர், வில்லியனூரையும் அரியூரையும் தாண்டியதும் கண்டமங்கலத்தில் தமிழ்நாட்டுக்குள் நுழைகிறார். சிறிது தூரத்தில் திருபுவனையில் மீண்டும் புதுச்சேரிக்குள் வருகிறார். மதகடிப்பட்டுக்குப் பிறகு மறுபடியும் தமிழ்நாடு. இப்போது இது பெயர்ப்பலகைகளிலும் மதுக்கடைகளின் எண்ணிக்கையிலும் மட்டும் தெரிகிற வேறுபாடு. 1949க்குப் பிறகான சில ஆண்டுகளில் இந்தக் கோடுகள் ஒவ்வொன்றும் இரு நாடுகளின் எல்லை. மதகடிப்பட்டின் செவ்வாய்க்கிழமைச் சந்தைக்கு மாடு ஓட்டிப் போகிறவனுக்கு அவை என்னவாக இருந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம்.

எல்லை முன்பும் இருந்தது, ஆனால் உறைக்கவில்லை. 1941இல் பிரிட்டிஷ் இந்தியாவும் பிரெஞ்சிந்தியாவும் ஒரு சுங்க ஒப்பந்தம் செய்துகொண்டன. போர்க்காலம் அது. 1940 செப்டம்பரிலேயே ஆளுநர் போன்வென் தெகோலின் பக்கம் சேர்ந்துவிட்டதால் இரு நிர்வாகங்களும் ஓரணியில் இருந்தன. சரக்குகள் தடையின்றிப் போய்வந்தன. சுதந்திர இந்தியா 1949இல் அந்த ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டதும் நிலைமை தலைகீழானது. புதுச்சேரி மறுபடியும் சுங்கமில்லாத் துறைமுகமாயிற்று. வெளிநாட்டுக் கைக்கடிகாரம், பேனா, மதுவகை, துணி முதலியவை வரியின்றி வந்து இறங்கின. கோட்டுக்கு மறுபுறம் இந்தியச் சுங்கச் சாவடிகள் முளைத்தன.

இதில் ஆதாயம் எவ்வளவு என்பதற்குத் தங்கத்தைக் கொண்டு ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அன்று உலகச் சந்தையில் தங்கத்தின் அதிகாரபூர்வ விலை அவுன்சுக்கு 35 டாலர். 1949 செப்டம்பரில் ரூபாயின் மதிப்புக் குறைக்கப்பட்ட பிறகு ஒரு டாலர் ஏறத்தாழ 4.76 ரூபாய். அவுன்சு 31.1 கிராம். அப்படியானால் பத்து கிராம் சுமார் 54 ரூபாய். ஆனால் தங்க இறக்குமதிக்குத் தடை இருந்த இந்தியாவில் 1954இல் அதன் விலை 78 ரூபாயை ஒட்டி இருந்தது. வித்தியாசம் 24 ரூபாய். இந்திய அரசு 1950-51இல் நடத்திய முதல் விவசாயத் தொழிலாளர் விசாரணையின்படி, ஓர் ஆண் கூலியாளின் சராசரி நாட்கூலி 1 ரூபாய் 9 பைசா, அதாவது பதினேழரை அணா. பெண்ணுக்குச் சுமார் பதினொரு அணா. மடியில் முடிந்த பத்து கிராம் தங்கத்துக்கான விலை வித்தியாசம், ஒரு கூலியாள் இருபத்திரண்டு நாள் வெயிலில் நின்று ஈட்டுவதற்குச் சமம். கடத்தல் ஏன் நடந்தது என்று கேட்பதைவிட, இத்தனை பேர் ஏன் அதில் இறங்காமல் நாற்று நட்டுக்கொண்டிருந்தார்கள் என்று கேட்பதே பொருத்தம்.

மறுதிசையில் இழுத்த விசையும் உண்டு. 1948 அக்டோபர் 2 முதல் சென்னை மாகாணம் முழுவதிலும் மதுவிலக்கு நடைமுறைக்கு வந்தது. கோட்டுக்கு இப்பால் கள்ளுக்கும் சாராயத்துக்கும் தடையில்லை. பிரெஞ்சு ஆட்சிப்பகுதியின் எல்லையோரக் கடைகளுக்கு அயலூர்க்காரர்கள் நடந்து வரும் வழக்கத்தைத் தொடங்கி வைத்தது ஒரு சீர்திருத்தச் சட்டம் என்பது வரலாற்றின் முரண்.

பாகூரின் கதை இன்னும் நுட்பமானது. புதுவையின் நெற்களஞ்சியம் என்று சொல்லப்படும் ஊர். அதன் ஏரி, ஊசுட்டேரிக்கு அடுத்தபடியாகப் புதுவைப் பகுதியில் பெரியது. அந்த ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவருவது பங்காரு வாய்க்கால். அது புறப்படுவதோ எல்லைக்கு வெளியே, தென்பெண்ணையாற்றின் சொர்ணாவூர் அணைக்கட்டில். பாகூரின் வயலுக்குப் பாயும் நீர், அரசியல் மொழியில் சொன்னால், அயல்நாட்டிலிருந்து வந்தது. நிலத்தைக் குழியிலும் காணியிலும் அளந்தார்கள். 576 சதுர அடி ஒரு குழி, நூறு குழி ஒரு காணி. ஏக்கர் என்பது அடுத்த நாட்டின் அளவு. பிரான்ஸ் கிலோவையும் மீட்டரையும் உலகுக்குக் கொடுத்த நாடு. ஆனால் களத்து மேட்டில் நெல்லை அளந்தது மரக்கால்தான். பாகூரின் உழவனுக்கு நீரும் சந்தையும் உறவும் கோட்டுக்கு அப்பால் இருந்தன. வரிச்சீட்டும் பிறப்புப் பதிவும் மேர் அலுவலகத்தில் பிரெஞ்சில் இருந்தன.

வில்லியனூருக்கு இரயில் இருந்தது. 1879இல் போடப்பட்ட விழுப்புரம்-புதுச்சேரி மீட்டர் பாதையில் அது ஒரு நிலையம். ஊருக்குக் கிழக்கே பஞ்சாலைச் சங்கு ஊதியது. 1936 ஜூலை 30 அன்று பன்னிரண்டு தொழிலாளர்கள் சுடப்பட்டு இறந்த பிறகு, 1937இல் எட்டு மணிநேர வேலை சட்டமாயிற்று. ஆலைக்குப் போனவனின் நாளுக்கு ஒரு முடிவு வந்தது. நெல்லறுத்தவனின் நாளுக்கு அப்படி ஒரு சட்டம் வரவில்லை.

பொழுதுபோக்கு என்ற சொல்லை அன்றைய கிராமத்துக்குப் பொருத்துவது சற்றுச் சங்கடமானது. பொழுது தானாகப் போயிற்று, விழாதான் வந்தது. திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்தும் தீமிதியும். வில்லியனூர் திருக்காமீசுவரர் கோயிலில் வைகாசித் தேர். பிரெஞ்சு ஆளுநர் நேரில் வந்து வடம் பிடிக்கும் மரபு அங்கு இருந்தது. ஆட்சி மாறிய பின்னும் துணைநிலை ஆளுநர்கள் அதைத் தொடர்கிறார்கள். அதே ஊரில் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே எழுந்த லூர்தன்னைத் திருத்தலத்தின் ஆண்டுவிழா. ஜூலை 14 வந்தால் குடியரசு விழா. சமயமும் அரசும் ஊரின் நாட்காட்டியில் அருகருகே அமர்ந்திருந்தன.

சினிமா முழுவதும் எல்லைக்கு அப்பாலிருந்து வந்தது. சென்னையிலும் சேலத்திலும் கோவையிலும் எடுக்கப்பட்ட படங்கள்தாம் இங்கேயும் தமிழ்ப்படங்கள். ஆனால் புதுவையும் கொடுத்தது. பாரதிதாசனின் 'எதிர்பாராத முத்தம்' 1950இல் மாடர்ன் தியேட்டர்ஸின் 'பொன்முடி'யாயிற்று. அதை இயக்கியவர் எல்லிஸ் டங்கன் என்னும் அமெரிக்கர். பிரெஞ்சுக் குடியேற்றத்தின் தமிழாசிரியர் எழுதிய காவியத்தை, சேலத்தில், தமிழறியாத அமெரிக்கர் படமாக்கினார். எல்லைகள் கலைக்கு அவ்வளவாகத் தெரியவில்லை. 1952 தீபாவளிக்குப் 'பராசக்தி' வந்தபோது அதன் வசனம் எந்தச் சுங்கச் சாவடியிலும் நின்றிருக்காது.

செய்தி பல வழிகளில் வந்தது. சுப்பையா 1934இல் தொடங்கிய 'சுதந்திரம்' ஒரு வழி. சென்னை இதழ்கள் மற்றொன்று. 1950 அக்டோபர் தொடங்கி 'கல்கி'யில் பொன்னியின் செல்வன் வாராவாரம் வந்துகொண்டிருந்தது. அதைப் பாகூரில் படித்தவர், தம் ஊர் மூலநாதர் கோயில் கல்வெட்டுகளில் இராட்டிரகூட மன்னன் கன்னரதேவனின் பெயர் இருப்பதை அறிந்திருந்தால் எத்தனை வியந்திருப்பார்! வானொலி வைத்திருந்த வீடுகள் சொற்பம். 1939இல் தொடங்கிய திருச்சி நிலையமும், 1952இல் கேஸ்கர் திரைப்பாடல்களை ஒதுக்கிய பின் இலங்கை வானொலியும் அவ்வீடுகளின் திண்ணைகளை நிரப்பின. புதுவைக்கென்று தனி வானொலி நிலையம் 1967இல்தான் வந்தது.

இன்னொரு செய்தி வழி கடல். சைகோனில் பிரெஞ்சு நிர்வாகத்திலும் படையிலும் வேலை பார்த்த புதுவைத் தமிழர்கள் உண்டு. ஊர் திரும்பிய 'சொல்தா'க்களின் ஓய்வூதியம் அந்தக் கடலை நம்பியிருந்தது. 1954 மே 7 அன்று தியன் பியன் பு வீழ்ந்த செய்தி நம் கிராமங்களுக்கு வெறும் உலகச் செய்தி அல்ல. பிரான்ஸ் ஆசியாவை விட்டுப் போகப்போகிறது என்பதை அது சொல்லிவிட்டது.

இந்த இரட்டை வாழ்வின் சாட்சியாக ஒருவரைச் சொல்லலாம். 1915இல் வில்லியனூரில் பிறந்து, பாகூரை அடுத்த சேலியமேட்டில் வாழ்ந்து, ஆசிரியப் பணியாற்றிய கவிஞர் வாணிதாசன். பாரதிதாசனின் மாணவர், ஏர் பிடித்தவனையும் வயலையும் பாடியவர், தமிழ்-பிரெஞ்சு அகராதிப் பணி செய்தவர். பிரெஞ்சு அரசு அவருக்குச் செவாலியர் விருது அளித்த ஆண்டும் 1954தான்.

அந்த ஆண்டின் மார்ச்சில் நெட்டப்பாக்கமும் மண்ணாடிப்பட்டும் கொதித்தன. நெட்டப்பாக்கத்தில் குபேரின் தற்காலிக அரசு அமைந்தது. இந்தியா அனுமதிச் சீட்டு முறையை இறுக்கியது. எரிபொருளும் சரக்கும் தடைபட்டன. கிராமத்தானுக்கு இது கொள்கைப் பிரச்சினை மட்டுமல்ல. அக்கரையில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போவதற்குச் சீட்டு வேண்டும். அக்டோபர் 18 அன்று வில்லியனூர் கொம்யூனைச் சேர்ந்த கீழூரில் 178 பிரதிநிதிகள் கூடினார்கள். 170 பேர் இணைப்புக்கு வாக்களித்தார்கள், 8 பேர் மறுத்தார்கள். நவம்பர் 1 அன்று நிர்வாகம் கைமாறியது. 1956இல் ஒப்பந்தம், 1962 ஆகஸ்டு 16 அன்று சட்டபூர்வ நிறைவு.

பொதுமக்கள் வாக்கெடுப்பு நடக்கவில்லை என்ற குறை இன்றும் சொல்லப்படுகிறது. அது நியாயமான குறை. ஆயினும் சந்தைக்கும் வாய்க்காலுக்கும் திருமணத்துக்கும் தினந்தோறும் கோட்டைத் தாண்டியவர்கள், அந்தக் கோடு தமக்கு என்ன விலை வைக்கிறது என்பதை 178 பேருக்கு முன்பே அறிந்திருந்தார்கள். அதே கோட்டால் பிழைத்தவர்களும் இருந்தார்கள்: எல்லைக் கடைக்காரர், சரக்கு சுமந்தவர், பிராங்கில் ஓய்வூதியம் வாங்கியவர். அவர்களது கணக்கில் நவம்பர் 1 வேறு பொருள் தந்திருக்கும். நம் விழா உரைகளில் இவ்விரு கணக்குகளில் ஒன்றுகூட இடம்பெறுவதில்லை.

1957 ஏப்ரலில் நயா பைசா வந்தது. ரூபாய்க்கு 192 என்ற பழைய கணக்கு போய் 100 ஆயிற்று. பணமும் காசும் அணாவும் தம்படியும் ஒரே நேரத்தில் பழங்கதையாயின. கீழூரில் வாக்கெடுப்பு நடந்த இடத்தில் நினைவிடம் இருக்கிறது. ஆண்டுதோறும் கொடி ஏறுகிறது. ஆனால் 1950இல் பாகூர்ச் சந்தையில் ஒரு மரக்கால் நெல் என்ன விலை விற்றது என்பதைச் சொல்லும் நினைவிடம் ஏதுமில்லை. அது எங்கேயாவது ஒரு வீட்டுப் பரணில், பழுப்பேறிய கணக்கு நோட்டில் இருக்கக்கூடும். இதைப் படிக்கும் நண்பர்களில் யாருக்கேனும் அந்த ஊர்களில் வீடு இருந்தால், அடுத்த முறை வெள்ளையடிக்கும்போது பரணில் உள்ளவற்றை எடைக்குப் போடுவதற்கு முன் ஒருமுறை பிரித்துப் பாருங்கள்.