விடுபட்ட அத்தியாயம்: ஹாட் ராடும் மீன்பாடி வண்டியும்

காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில், பழைய ஜீன்ஸ் குவியலுக்குப் பக்கத்தில் விரித்திருந்த தார்பாயில்தான் அந்தப் புத்தகம் மறுபடி கிடைத்தது. டாம் உல்ஃப் எழுதி 1965இல் வெளியான ‘தி கேண்டி-கலர்டு டேஞ்சரின்-ஃபிளேக் ஸ்ட்ரீம்லைன் பேபி’. பேரைச் சொல்லி முடிப்பதற்குள் மூச்சு வாங்கும். கல்லூரியில் படித்தபோது அதன் நடைதான் பிடித்திருந்தது. இந்த முறை வேறொன்று உறுத்தியது: இதில் நம்ம ஊர் அத்தியாயம் இல்லையே.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். பழைய, மலிவான காரை வாங்கி, மட்கார்டைக் கழற்றி எறிந்து, எடையைக் குறைத்து, எஞ்சினை முடுக்கிவிட்டால் அது ஹாட் ராட். கூரையை வெட்டித் தாழ்த்தி, தகட்டை வளைத்து, உருவத்தையே மாற்றினால் கஸ்டம் கார். 1932இல் ஃபோர்டு சாமானியர்களும் வாங்கக்கூடிய விலையில் வி8 எஞ்சினைக் கொடுத்தது. அது பழசானபோது தெற்குக் கலிஃபோர்னியப் பையன்கள் கையில் சிக்கியது. வறண்ட ஏரிப் படுகைகளில் போட்டி வைத்தார்கள். 1937இல் அதற்கொரு சங்கம் வந்தது. 1948இல் ‘ஹாட் ராட்’ பத்திரிகை வந்தது.

1963இல் இதைப் பார்க்கப் போன உல்ஃபுக்கு எஸ்குயர் பத்திரிகைக்கான கட்டுரையை எழுதவே வரவில்லை. குறிப்புகளையாவது அனுப்பு என்றார் ஆசிரியர். உல்ஃப் ராத்திரி முழுக்க உட்கார்ந்து கடிதமாக அடித்து அனுப்பினார். விளிப்பை மட்டும் நீக்கிவிட்டு அப்படியே அச்சிட்டார்கள். அதன் வாதம் எளிது: ஜார்ஜ் பாரிஸும் எட் ராத்தும் பட்டறையில் செய்வது சிற்பம், படித்தவர்கள் கண்ணுக்குத்தான் அது தெரியவில்லை.

இன்று அந்தப் புத்தகத்தைப் புதுப்பித்தால் அமெரிக்கப் பகுதிக்கு ஒரு பத்தி போதும். பாரிஸ் 1966இல் தொலைக்காட்சிக்கு பேட்மொபைலைச் செய்து உலகப் புகழ் பெற்றார். பத்திரிகையைத் தொடங்கிய ராபர்ட் பீட்டர்சன் பேரில் லாஸ் ஏஞ்சலஸில் கார் அருங்காட்சியகமே இருக்கிறது. சிற்பம் என்று எல்லோரும் ஒப்புக்கொண்டாயிற்று. நமக்குத்தான் எழுத வேண்டியது நிறைய.

இங்கே பல வருஷங்களுக்கு அம்பாசிடர், ஃபியட், ஸ்டாண்டர்டு என்று விரல்விட்டு எண்ணக்கூடிய கார்கள்தான். அதற்கும் காத்திருக்க வேண்டும். கையில் இருப்பதைத்தான் மாற்றிக்கொள்ள முடியும். 1953இல் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் தொடங்கியது. இரண்டாம் உலகப்போர்க்கால விமான ஓடுதளமான சோழவரத்தில் பந்தயங்கள் நடந்தன. அமெரிக்காவில் ஏரிப் படுகை, இங்கே ஓடுதளம். யாருக்கும் வேண்டாத தரைதான் இரண்டு இடத்திலும் பந்தயக்காரர்களுக்குக் கிடைத்தது. கோயம்புத்தூர் கரிவர்தன் 1980களின் இறுதியில் மாருதி 800 எஞ்சினை வைத்து ஒற்றை இருக்கை ஃபார்முலா காரை உருவாக்கினார். அதனால் நம்ம பையன்கள் குறைந்த செலவில் ஃபார்முலா பந்தயத்துக்குள் நுழைய முடிந்தது. 1995இல் விமான விபத்தில் அவர் இறந்தார். கோவைக்கு அருகே இருக்கும் பந்தயத் தடம் இன்றும் அவர் பேரைச் சொல்கிறது.

ஆனால் இதெல்லாம் வசதி இருந்தவர்களின் வரலாறு. கீழே இன்னொன்று ஓடிக்கொண்டிருந்தது. பெட்ரோல் விலை கட்டாத டாக்சிக்காரர்கள் அம்பாசிடருக்குள் மெட்டடோர் வேனின் டீசல் எஞ்சினை இறக்கினார்கள். 1996இல் நின்றுபோன ஆர்எக்ஸ் 100ஐ இன்னும் ஓடவைக்கிறார்கள். அதைப் பற்றிக் கேட்டதற்கு, புதுச்சேரியில் என் வண்டியைப் பார்க்கும் அண்ணன் சொன்னார்: “கம்பெனிக்காரன் நிறுத்தி எத்தனையோ வருஷம் ஆச்சு தம்பி. ஸ்பேர் இல்லன்னா லேத்துல குடுத்து செஞ்சுக்க வேண்டியதுதான்.”

இந்த வரிசையின் உச்சம் சென்னையின் மீன்பாடி வண்டி. மூன்று சக்கர மிதிவண்டி. முன்னால் மீனோ, கம்பியோ, சிமென்ட் மூட்டையோ ஏற்றும் பலகை. அதில் காயலான் கடையிலிருந்து வந்த ஸ்கூட்டர் அல்லது மொபெட் எஞ்சின். பழைய வண்டி, மலிவான எஞ்சின், பட்டறை வெல்டிங். ஹாட் ராடுக்கு எது இலக்கணமோ அது அத்தனையும் இதில் இருக்கிறது. ஒரே வித்தியாசம், அமெரிக்கப் பையன் வேகத்துக்காகச் செய்தான்; இவர் முழங்காலுக்காகச் செய்தார்.

சட்டம் இதைச் சிற்பமாகவும் பார்க்காது, முழங்காலையும் பார்க்காது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவைச் சுட்டி, தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களோடு முரண்படும்படி வண்டியை மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. மீன்பாடிக்கோ தயாரிப்பாளரே கிடையாது. பதிவெண் இல்லை, காப்பீடு இல்லை, பிடித்தால் பறிமுதல். சட்டத்தின் பக்கமும் நியாயம் உண்டு. அந்த பாரத்துக்கும் வேகத்துக்கும் அந்த பிரேக் போதாது. இடித்துவிட்டால் அடிபட்டவருக்கு இழப்பீடு வாங்க வழியில்லை. ஆனால் பிரிட்டனிலும் அமெரிக்க மாநிலங்கள் பலவற்றிலும் வீட்டில் கட்டிய வண்டியைச் சோதித்துப் பதிவுசெய்யத் தனி வழி இருக்கிறது. பிரேக் சரியில்லை என்றால் பிரேக்கைச் சரிசெய்யச் சொல்கிறார்கள். நாம் வண்டியை நசுக்குகிறோம்.

புத்தகத்தை மூடிவிட்டுப் புதுச்சேரி அருங்காட்சியகத்துக்குப் போனேன். அங்கே பிரெஞ்சுக்காரர் காலத்துப் புஷ்-புஷ் வண்டி ஒன்று நிற்கிறது. துரை உட்கார்ந்தபடி நீண்ட கைப்பிடியால் முன்சக்கரத்தைத் திருப்புவார். ஒரு ஆள் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டே ஓடுவார். திசை ஒருவர் கையில், மூச்சு இன்னொருவருடையது.

மீன்பாடியில் கைப்பிடியும் உழைப்பும் ஒரே ஆளுடையவை. தள்ளுகிறவர் தனக்கென்று ஒரு எஞ்சினைத் தேடிக்கொண்ட நாளை நம் போக்குவரத்து வரலாற்றில் ஒரு தேதியாகக் குறித்திருக்க வேண்டும். அந்த எஞ்சினை முதலில் பற்றவைத்தவர் பேர்கூட நம்மிடம் இல்லை. புஷ்-புஷ் வண்டி கண்ணாடி போலத் துடைத்து வைக்கப்பட்டிருக்கிறது. மீன்பாடி ஏதோ ஒரு காவல் நிலைய வாசலில் துருப்பிடித்துக் கிடக்கிறது. அதற்குள் யாராவது போய் ஒரு படமாவது எடுத்து வையுங்கள்.