பீரோல கிடக்கிற ஸ்கேன் சிடி: ஒரு குட்டி வரலாறு

1/ திருச்சியில சிடி ஸ்கேன் எடுத்தா ஃபிலிமோட ஒரு குறுந்தகடும் தருவாங்க. பலர் வீட்டு பீரோல அது வருஷக்கணக்கா தூங்குது. அது எங்கிருந்து வந்தது, இன்னும் எத்தனை நாளைக்கு உதவும்? பார்ப்போம்.

2/ 1971: ஐபிஎம்மின் 8 அங்குல ஃப்ளாப்பி. சுமார் 80 கேபி. பிறகு 5¼, கடைசியா 3½ அங்குலம், 1.44 எம்பி. சிடி ஸ்கேனின் ஒரு படமே அரை எம்பி. ஆக, ஒரு ஃப்ளாப்பிக்கு ரெண்டே படம்!

3/ 1982ல் பாட்டுக்காக வந்த குறுந்தகடு 700 எம்பி வரை வளர்ந்தது. முழு ஸ்கேனும் அடங்கிடுச்சு.

4/ 2000ல் பென் டிரைவ், வெறும் 8 எம்பியோட. இன்னிக்கு புது லேப்டாப்கள்ல தகடு போட இடமே இல்லை.

5/ ஸ்ரீரங்கம் கோயில் ஆரோக்கியசாலையைப் புதுப்பிச்ச செய்தி 1493 கல்வெட்டுல இருக்கு. படிக்க கண்ணும் எழுத்தறிவும் போதும். தகட்டுக்கு டிரைவ் வேணும், சாஃப்ட்வேர் வேணும். நம்ம ஊர் வெயில்ல அதோட சாயமும் மங்கும்.

6/ நுரையீரல்ல சின்ன முடிச்சு தெரியுதுன்னா, ரெண்டு வருஷமா வளரலைன்னா பெரும்பாலும் பயமில்லை. அதைச் சொல்ல பழைய ஸ்கேன்தான் சாட்சி. டிரைவ் கிடைக்கும்போதே ரெண்டு இடத்துல காப்பி எடுத்து வைங்க.