ஒரு மடிக்கணினி, மூன்று திரைகள்



சென்ற பள்ளி விடுமுறையில் என் முன்னாள் மாணவர் ஒருவர் பாயான் பாருவிலுள்ள எங்கள் இல்லத்திற்கு வந்திருந்தார். இன்று அவர் பொறியாளர். அவர் கையில் ‘பிரேம்வொர்க்’ எனும் மடிக்கணினி. அமெரிக்க நிறுவனம் ஒன்று 2021இல் வெளியிட்ட வகை அது. நினைவகம், மின்கலம், தாய்ப்பலகை என அனைத்தையும் திருகாணி கழற்றி நாமே மாற்றலாம்.

என்னிடம் எறிவதற்கென ஒதுக்கிய இரு பழைய திரைகள் இருந்தன. ஒன்றில் விஜிஏ செருகி, மற்றொன்றில் எச்டிஎம்ஐ. அவர் இரண்டையும் அந்த மடிக்கணினியோடு இணைத்துவிட்டார். எவ்வாறு இயன்றது? அதற்குச் சற்று வரலாறு அறிய வேண்டும்.

1987இல் ஐபிஎம் நிறுவனம் 15 ஊசிகள் கொண்ட விஜிஏ செருகியை அறிமுகப்படுத்தியது. அக்கால மடிக்கணினிகளில் பொதுவாக ஒரு துளைதான்; வெளித்திரையும் ஒன்றுதான். பின்னர் 1999இல் டிவிஐ, 2002இல் எச்டிஎம்ஐ, 2006இல் டிஸ்பிளேபோர்ட் எனச் செருகிகள் பெருகின. 2014இல் யூஎஸ்பி-சி வந்தது. படம், தரவு, மின்சாரம் மூன்றையும் ஒரே கம்பி சுமக்கலாயிற்று. 1996இல் வெளிவந்த முதல் யூஎஸ்பியை இண்டெல் நிறுவனத்தில் உருவாக்கிய குழுவில் முதன்மையானவர், குசராத்தின் பரோடாவில் பிறந்த அஜய் பட் என்பது நமக்குப் பெருமை.

பிரேம்வொர்க் மடிக்கணினியின் பக்கங்களில் நான்கு பொந்துகள் உள்ளன. உள்ளே நான்கும் யூஎஸ்பி-சி. வேண்டிய செருகியுடைய சிறு அட்டையை அவற்றில் நுழைத்துக்கொள்ளலாம். விஜிஏ திரைக்கு மட்டும் ஓர் அடாப்டர் தேவைப்பட்டது. ஆயினும் துளைகளின் எண்ணிக்கை திரைகளின் எண்ணிக்கையாகாது. எத்தனை திரைகள் என்பதைச் சில்லே முடிவு செய்கிறது. 2021ஆம் ஆண்டுப் படிவத்தின் இண்டெல் சில்லு, தன் திரையையும் சேர்த்து நான்கினை இயக்கும். சில படிவங்களில் எல்லாப் பொந்துகளும் படம் அனுப்பா. வாங்குமுன் விவரக்குறிப்பைப் பாருங்கள்.

சில்லு என்றதும் நம் ஊர் நினைவுக்கு வருகிறது. 1969இல் பினாங்கு தன் தீர்வையற்ற துறைமுகத் தகுதியை இழந்தது, வேலையின்மை பெருகிற்று. அன்றைய முதலமைச்சர் லிம் சோங் இயு மின்னியல் தொழிலை நாடினார். 1972இல் பாயான் லெப்பாசில் தடையற்ற வாணிப வட்டாரம் எழுந்தது. அமெரிக்காவுக்கு வெளியே இண்டெல் தன் முதல் தொழிற்சாலையை அமைத்ததும் அங்கேதான், அவ்வாண்டில்தான். அருகே பாயான் பாரு நகரும் வளர்ந்தது.

என் தாயாரும் அவ்வட்டாரத்தில் ஒரு தொழிற்சாலையில் பணிபுரிந்தவர். முடியினும் மெல்லிய பொன் கம்பியை நுண்ணோக்கி வழியே பார்த்துச் சில்லோடு பிணைப்பது அவர் வேலை. அத்தகையவரின் மகனாகிய நானோ, பள்ளிக் கணினி அறையில், “எதையும் தொடாதே!” என்றே மாணவர்களை அதட்டி வந்தேன். அவ்வாறு அதட்டப்பட்டவர்களுள் ஒருவர்தான் இந்தப் பொறியாளர். அதை அவர் சிரித்துக்கொண்டே நினைவூட்டியபோது நான் தலைகுனிந்தேன்.

பெற்றோர்களே, மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, நம் கண்காணிப்பில், பிள்ளைகள் கையிலும் திருப்புளியைக் கொடுப்போம். அவர்களின் பாட்டிமார் பிணைத்த பொருளைப் பேரப்பிள்ளைகள் திறந்து பார்க்கட்டும்.