விளக்கு இருந்தும் ஏன் மோதியது? ஆஸ்திரேலியத் தென்கரையில் ஒரு பேருந்துப் பயணம்

பள்ளி விடுமுறையில் மெல்பர்ன் போகிற நம் ஆசிரியர்கள் நிறைய பேர். போனவர்கள் 'கிரேட் ஓஷன் ரோடு' பேருந்துப் பயணத்துக்கு ஒருநாள் ஒதுக்காமல் திரும்புவதில்லை. விடிந்ததும் ஏறினால் இருட்டிய பிறகு கொண்டுவந்து விடுவார்கள். 'பன்னிரு அப்போஸ்தலர்' பாறைகளின் முன் நின்று படம் எடுப்போம், குடும்ப வாட்ஸ்அப்பில் போடுவோம், அவ்வளவுதான். நானும் முதல் தடவை அப்படித்தான் போய் வந்தேன். இரண்டாம் தடவை அக்கா குடும்பத்தோடு போனபோது, படிவம் ஒன்றில் படிக்கும் அக்கா மகள் ஒரு கேள்வி கேட்டாள். அன்றைக்கு எனக்குச் சரியாகப் பதில் சொல்லத் தெரியவில்லை. அதற்கப்புறம் தேடிப் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். நீங்கள் பயணம் போகிறவராக இருந்தாலும் சரி, வகுப்பில் வரலாறு நடத்துகிறவராக இருந்தாலும் சரி, உதவும் என்று நினைக்கிறேன்.

முதலில் ஒரு சின்ன யோசனை. பேருந்தில் இடப்பக்க சன்னலைப் பிடித்துக்கொள்ளுங்கள். அங்கேயும் நம்மைப் போல இடப்பக்கம்தான் ஓட்டுகிறார்கள். மேற்கு நோக்கிப் போவதால் கடல் முழுக்க இடப்பக்கமே வரும்.

டோர்க்கீ என்ற ஊரிலிருந்து அலன்ஸ்ஃபோர்டு வரை சுமார் 243 கிலோமீட்டர் நீளமுள்ள சாலை இது. ஓட்டுநரே வழிகாட்டி. காதில் மைக்கை மாட்டிக்கொண்டு பேசிக்கொண்டே ஓட்டினார். முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய ஏறத்தாழ 3,000 வீரர்கள், 1919 முதல் 1932 வரை கடப்பாறையும் மண்வெட்டியும் குதிரை வண்டியும் வைத்துக்கொண்டு பாறையைக் குடைந்து போட்ட சாலை என்றார். போரில் இறந்த தங்கள் தோழர்களின் நினைவாகவே அதைப் போட்டார்கள். யோசித்துப் பாருங்கள், நினைவுச்சின்னம் என்றால் நமக்குத் தூணும் சிலையும்தான் ஞாபகம் வரும். இங்கே நாம் சக்கரம் உருட்டிப் போகிற சாலையே நினைவுச்சின்னம். ஈஸ்டர்ன் வியூ என்ற இடத்தில் மர வளைவு ஒன்று இருக்கிறது, எல்லாப் பேருந்தும் அங்கே நிற்கும். நீங்கள் படம் எடுப்பது பழைய வளைவு இல்லை. முன்பு இருந்தது 1983 காட்டுத்தீயில் எரிந்துபோக, பிறகு திரும்பக் கட்டியது.

ஓட்டுநர் ரசித்துச் சொன்ன கதை 1924-இல் நடந்தது. 'கசினோ' என்ற நீராவிக் கப்பல் கேப் பேட்டன் அருகே பாறையில் தட்டிவிட, பாரத்தைக் குறைக்க 500 பீப்பாய் பீரையும் 120 பெட்டி மதுவையும் கடலில் தள்ளினார்களாம். கரை ஒதுங்கியதைச் சாலை போட்டுக்கொண்டிருந்தவர்கள் எடுத்துக்கொண்டு, இரண்டு வாரம் வேலைப் பக்கமே போகவில்லையாம். பேருந்தே சிரித்தது. கப்பல் விபத்தைப் பற்றி அன்றைக்கு நாங்கள் சிரித்துக் கேட்ட ஒரே கதை அதுதான்.

வழியில் ஏரிஸ் இன்லெட்டில் வெள்ளையாக ஒரு கலங்கரை விளக்கம் தெரியும். 34 மீட்டர் உயரம், 1891-இல் கட்டியது, 'வெள்ளை ராணி' என்று செல்லப் பெயர். அழகானதுதான். ஆனால் இந்தக் கரையின் கதையைச் சொல்லும் விளக்கு இன்னும் மேற்கே, கேப் ஓட்வே முனையில் இருக்கிறது. பெருஞ்சாலையிலிருந்து காட்டு வழியில் 12 கிலோமீட்டர் உள்ளே போக வேண்டும் என்பதால் பல ஒருநாள் பயணங்கள் அதை விட்டுவிடுகின்றன. பணம் கட்டுவதற்கு முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஏன் அந்த முனையில் விளக்கு? வரைபடத்தை எடுத்து வையுங்கள். ஐரோப்பாவிலிருந்து புறப்பட்ட பாய்மரக் கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றி, தென்கடலின் பலத்த மேற்குக் காற்றைப் பிடித்துக்கொண்டு மாதக்கணக்கில் வரும். வழியில் கரையே தெரியாது. மெல்பர்ன் போக வேண்டுமானால் பாஸ் நீரிணைக்குள் நுழைய வேண்டும். வடக்கே கேப் ஓட்வே, தெற்கே கிங் தீவு, நடுவில் இருப்பது சுமார் 90 கிலோமீட்டர். உலகத்தில் பாதியைச் சுற்றி வந்தவனுக்கு 90 கிலோமீட்டர் ஒரு வாசலே இல்லை. 'ஊசிக் காதில் நூல் கோர்ப்பது' என்றே மாலுமிகள் சொன்னார்கள். சூரியனையும் நட்சத்திரத்தையும் பார்த்துத்தான் கப்பல் எங்கே இருக்கிறது என்று கணக்குப் போட முடியும். நாலு நாள் வானம் மூடிக்கொண்டால் கணக்கு போச்சு.

1845-இல் அதுதான் நடந்தது. லிவர்பூலிலிருந்து குடியேறும் குடும்பங்களை ஏற்றிக்கொண்டு வந்த 'கட்டராக்கி' கப்பல், ஆகஸ்ட் 4-ஆம் தேதி விடிவதற்குள் கிங் தீவின் பாறையில் மோதியது. கரை அவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்று தலைவருக்குத் தெரியவில்லை. 400 பேர் இறந்தார்கள். பிழைத்தது 9 பேர், அதிலும் 8 பேர் கப்பல் ஊழியர்கள். குடும்பத்தோடு புது வாழ்க்கை தேடி வந்தவர்களில் ஒரே ஒருவர் மிஞ்சினார். அமைதிக் காலத்தில் ஆஸ்திரேலியக் கடலில் நடந்த மிகப் பெரிய விபத்து இன்றைக்கும் அதுதான்.

கேப் ஓட்வேயில் விளக்கு வேண்டும் என்ற பேச்சு அதற்கு முன்பே இருந்தது. கட்டராக்கிக்குப் பிறகுதான் வேகம் பிடித்தது. 1848 ஆகஸ்ட் 29-ஆம் தேதி விளக்கு ஏற்றினார்கள். 21 எண்ணெய் விளக்குகள், ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒளியைத் திருப்பி அனுப்பும் தட்டு, எல்லாம் சேர்ந்து சுழலும். நமக்குப் பழக்கமான ஒப்பீடு வேண்டுமா? சிங்கப்பூர் நீரிணையின் வாயிலில் இருக்கும் ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கம் 1851-இல் வந்தது. மூன்றே வருட இடைவெளி. கிழக்கே கப்பல் போக்குவரத்து பெருகப் பெருக, பாறைகளின் மேல் விளக்குகளும் முளைத்த காலம் அது.

இனி ஓட்டுநர் சொல்லாத ஒன்று. அந்த முனைக்குத் தரைவழி தேடியபோது அங்கே காடு மட்டும் இருக்கவில்லை, கடுபானுட் மக்கள் இருந்தார்கள். ஓட்வே அவர்களுடைய நிலம். அப்போது இப்பகுதியின் நிர்வாகியாக இருந்த சார்ல்ஸ் லட்ரோப் பலமுறை முயன்று 1846-இல் முனையை எட்டினார். அதே ஆண்டு, கரையை அளக்க வந்த ஜார்ஜ் ஸ்மைத்தின் குழுவில் ஒருவர் கொல்லப்பட்டார். பழிவாங்கத் திரும்பி வந்த ஸ்மைத்தின் ஆட்கள் கடுபானுட் மக்களைச் சுட்டுக் கொன்றார்கள். கப்பலில் செத்தவர்களின் எண்ணிக்கையை ஒற்றை இலக்கம் வரை பதிந்து வைத்திருக்கிறார்கள். இந்தச் சாவுகளுக்கு அப்படிப்பட்ட பட்டியல் இல்லை, கல்லறையும் இல்லை. கப்பல்களைக் காப்பாற்ற வந்த விளக்குக்குப் போகும் வழியில் இதுவும் நடந்தது. மாணவர்களிடம் சொல்லலாமா என்று தயங்குவோம். படிவம் ஒன்று பிள்ளைக்குச் சொல்லலாம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. நான் சொன்னேன். அவள் ரொம்ப நேரம் சன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள்.

அவளுடைய கேள்வி வந்த இடம் லாக் ஆர்ட் கோர்ஜ். செங்குத்துப் பாறைகள் இரண்டு பக்கமும் சுவர்போல நிற்க, நடுவில் கையளவு மணல். படி இறங்கிப் போகலாம். லாக் ஆர்ட் என்பது கப்பலின் பெயர். 1878 மார்ச் 2-ஆம் தேதி இங்கிலாந்திலிருந்து புறப்பட்டது, 54 பேர். மே 31 இரவு, நாளைக்கு மெல்பர்ன் என்ற மகிழ்ச்சியில் கப்பலில் விருந்து. தலைவர் கிப் மட்டும் தூங்கவில்லை. ஓட்வே விளக்கு கண்ணில் பட வேண்டுமே என்று மேல்தளத்தில் காத்திருந்தார். பனிமூட்டம். ஜூன் 1 விடிகாலை மூட்டம் விலகியபோது எதிரே தெரிந்தது விளக்கு இல்லை, பாறைச் சுவர். நங்கூரம் போட்டார்கள், பிடிக்கவில்லை. மட்டன்பேர்டு தீவில் மோதிக் கால் மணி நேரத்துக்குள் கப்பல் மூழ்கிவிட்டது.

பிழைத்தவர்கள் இரண்டே பேர். பயிற்சி மாலுமி டாம் பியர்ஸ், பயணி ஈவா கார்மைக்கேல். இருவருக்கும் 18, 19 வயதுதான் இருக்கும். கவிழ்ந்த படகைப் பிடித்துக்கொண்டு இந்த இடுக்குக்குள் வந்து சேர்ந்த டாம், அலறல் கேட்டு மறுபடியும் கடலில் இறங்கி ஈவாவை இழுத்து வந்தார். குகையில் அவளை விட்டுவிட்டு, பாறையில் ஏறி உதவி தேடிப் போனார். ஈவா தாய், தந்தை, உடன்பிறந்த ஐந்து பேரையும் அந்த ஒரே காலையில் இழந்தவள். கிடைத்த உடல்கள் நான்குதான், மேலே இருக்கும் சின்ன இடுகாட்டில் புதைத்திருக்கிறார்கள். ஊரெல்லாம் இருவருக்கும் கல்யாணம் ஆகும் என்று ஆசைப்பட்டது, பத்திரிகைகளும்தான். ஈவா சில மாதத்தில் அயர்லாந்துக்குத் திரும்பிப் போய்விட்டாள். ஓட்டுநர் இதைக் காதல் கதை மாதிரி இழுத்துச் சொன்னார். எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. குடும்பமே போன பெண்ணிடம் கல்யாணம் எங்கே என்று கேட்பது என்ன நியாயம்?

அப்போதுதான் அக்கா மகள் கேட்டாள். "மாமா, கப்பல் மோதுனது 1878. லைட்ஹவுஸ் 1848-லயே இருக்கு. 30 வருஷமா இருந்துச்சே, அப்புறம் ஏன் மோதுச்சு?"

"மூட்டம்மா" என்றேன்.

"அப்ப எதுக்கு அது?"

பதிலில் பாதிதான் மூட்டம். விளக்கு வழிகாட்டாது, இடம்தான் காட்டும். 'இங்கே ஓட்வே இருக்கிறது' என்று சொல்லும், அவ்வளவே. கப்பல் எங்கே இருக்கிறது என்பதை மாலுமிதான் கணக்குப் போட்டுப் பொருத்த வேண்டும். விளக்கு தெரியாத இரவில், தவறான கணக்கைத் திருத்த ஆளில்லை. கூடுதலாக விளக்கு வைத்தாலும் புதிய குழப்பம் வரும். கிங் தீவின் வடமுனையில் விக்கம் விளக்கம் 1861-இல் வந்தது. 48 மீட்டர், ஆஸ்திரேலியாவிலேயே உயரமானது. அதைப் பார்த்து 'ஓட்வே வந்துவிட்டது' என்று நினைத்து, தெற்கே திரும்பிப் பாறையில் ஏறிய கப்பல்களும் உண்டு. பிறகு அதே தீவில் 1880-இல் கரி துறைமுகத்தில் இன்னொரு விளக்கு. ஆண்டுகளைப் பார்த்தீர்களா? முதலில் சாவு, அப்புறம் விளக்கு, மறுபடி சாவு, மறுபடி விளக்கு.

வகுப்பில் இதையே செய்து பார்க்கலாம். கப்பல்களின் பெயரும் ஆண்டும் சிவப்பு அட்டையில், விளக்குகளின் பெயரும் ஆண்டும் மஞ்சள் அட்டையில் எழுதிக் கொடுங்கள். மாணவர்கள் வரிசையாக நிற்கட்டும். 1846-க்கு என்ன நிற அட்டை என்று நான் சொல்லமாட்டேன், அவர்களே முடிவு பண்ணட்டும். அரை மணி நேரத்துக்குள் உங்களுக்குப் பதில் சொல்ல முடியாத கேள்வி ஒன்றாவது வரும்.

லாக் ஆர்ட் மூழ்கிய இடத்தின் அருகே ஒரு பாறை வளைவு இருந்தது. 2009-இல் அதன் மேல்பகுதி இடிந்து விழுந்து, இரண்டு தூண்கள் மட்டும் நின்றன. அவற்றுக்கு டாம், ஈவா என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஒருநாள் கூடுதலாக இருந்தால் வார்னம்பூல் போங்கள். மெல்பர்ன் கண்காட்சிக்காக லாக் ஆர்ட் ஏற்றி வந்த பீங்கான் மயில் ஒன்று அங்கே இருக்கிறது. 52 பேர் செத்த விபத்தில், பெட்டியோடு கரை ஒதுங்கிய மயில்.

ஓட்வே விளக்கை 1994-இல் நிறுத்திவிட்டார்கள். இப்போது பக்கத்தில் சூரிய ஒளியில் எரியும் சின்ன விளக்கு ஒன்று போதுமாம். திரும்பும்போது பேருந்து கோலாக் வழியாக உள்நாட்டுச் சாலையில் வரும், கடல் தெரியாது. ஓட்டுநர் மைக்கை அணைத்துவிட்டார். எல்லாரும் தூங்கிவிட்டார்கள். அக்கா மகள் மட்டும் குறிப்பேட்டில் ஆண்டுகளை எழுதிக்கொண்டு, "மாமா, கடுபானுட் எப்படி எழுதணும்?" என்று கேட்டாள்.