விலை தெரிவதும் விலை பழகுவதும்: சிறு விவசாயிகளின் சந்தைத் தகவல் பயிற்சி குறித்து ஜென்சனோடு ஒரு மாறுபாடு

சிறு விவசாயிக்குச் சந்தை விலையைக் கொண்டு சேர்ப்பது பற்றிய பேச்சில் பெரும்பகுதி, பொருளியலாளர் ராபர்ட் ஜென்சன் 2007-இல் எழுதிய ஒரே கட்டுரையை அடியொற்றி நடக்கிறது. கேரளத்தின் காசர்கோடு, கண்ணூர், கோழிக்கோடு மாவட்டங்களில் 15 மீன் கரைகளை 1996 முதல் 2001 வரை வாரந்தோறும் கணக்கெடுத்தவர் அவர். அலைபேசி 1997-இல் கோழிக்கோட்டுக்கு வந்தது. பிறகு படிப்படியாக வடக்கே போனது. அது போன இடமெல்லாம் கரைக்குக் கரை இருந்த விலை வேறுபாடு சுருங்கியது. வாங்க ஆளின்றி 5 முதல் 8 விழுக்காடு மீன் வீணாவது நின்றது. மீனவர் லாபம் 8 விழுக்காடு கூடியது. வாங்கித் தின்போருக்கு விலை 4 விழுக்காடு குறைந்தது.

இந்த எண்களில் எனக்கு ஐயமில்லை. இவற்றைக் கொண்டு எட்டப்படும் முடிவில்தான் மாறுபடுகிறேன். அலைபேசியை அரசோ தொண்டு நிறுவனமோ மீனவருக்குக் கொண்டுவந்து கொடுக்கவில்லை. அவர்களே காசு கொடுத்து வாங்கினார்கள், பயன் கண்டார்கள். ஆகவே தகவல் கைக்கு எட்டிவிட்டால் மற்றதைச் சந்தை பார்த்துக்கொள்ளும் என்று அந்தக் கட்டுரை வாசிக்கப்படுகிறது. அப்படி வாசிக்க ஜென்சனும் நிறையவே இடம் கொடுக்கிறார். பயிற்சிக்கு இந்த வாசிப்பில் இடமே இல்லை. கடலோரத்துக்கு எழுதப்பட்டதைக் களத்துமேட்டுக்கும் பொருத்தியதன் விலையை நம் விவசாயிகள் கொடுத்துவருகிறார்கள் என்பது என் கட்சி.

அக்கட்டுரையில் மிகுதியாக எடுத்தாளப்படும் பகுதி ஒரு காலைப்பொழுதைப் பற்றியது. 1997 ஜனவரி 14, செவ்வாய்க்கிழமை. வடகரையில் 11 மீனவர்கள் மீனோடு நிற்கிறார்கள். வாங்க ஆளில்லை, விலை பூஜ்யம். 15 கிலோமீட்டருக்குள் இருக்கும் சோம்பாலாவிலும் கொயிலாண்டியிலும் 27 வியாபாரிகள் மீன் கிடைக்காமல் வெறுங்கையோடு கிளம்பப் போகிறார்கள். அங்கே விலை கிலோவுக்கு ஏறக்குறைய 10 ரூபாய். தகவல் இல்லாமையின் கொடுமைக்கு இதைவிடத் தெளிவான காட்சி கிடையாது.

ஆனால் அந்தத் தேதி என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. அது தை முதல் நாள். மலையாளக் கணக்கில் மகர மாதப் பிறப்பு, சபரிமலையில் மகரவிளக்கு. மாலை போட்டு மீனைத் தவிர்த்த வீடுகளுக்கு விரதத்தின் கடைசி நாள். எத்தனை வள்ளங்கள் அன்று கடலுக்குப் போயிருக்கும், எத்தனை வீட்டில் மீன் வாங்கியிருப்பார்கள் என்பதெல்லாம் சாதாரணச் செவ்வாயைப் போல இருந்திருக்குமா? இருந்திருக்காது என்றே நினைக்கிறேன். இதை அடித்துச் சொல்லவும் வழியில்லை. வாங்க வந்த 27 பேர் காத்து நின்றிருக்கிறார்கள் என்பதே அன்றும் மீனுக்குத் தேவை இருந்ததைக் காட்டுகிறது. தவிரவும் ஜென்சனின் முடிவு இந்த ஒரு காலையை நம்பி நிற்கவில்லை. நான்கரை ஆண்டுக்கும் மேலான கணக்கு அவர் கையில் இருந்தது. பண்டிகை நாளை அவருடைய புள்ளிவிவரத்துக்கு எதிரான சான்றாக நான் நிறுத்தவில்லை. அந்தக் காட்சியை மட்டும் பிய்த்தெடுத்து ஊர் ஊராகச் சொல்லிவருகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கையாகவே சொல்கிறேன்.

அதே காட்சியில் இதைவிட முக்கியமானது ஒன்று உண்டு. அந்த 11 பேருக்குத் தெரியாமல் இருந்தது ஒன்றே ஒன்றுதான்: அடுத்த கரையின் அன்றைய விலை. மற்றதெல்லாம் தெரியும். எந்தக் கரையில் வள்ளத்தை ஏற்றலாம், போய்ச் சேர எவ்வளவு எண்ணெய் ஆகும், மீன் எவ்வளவு நேரம் தாங்கும், அங்கே ஏலம் எப்படி நடக்கும் என்பதெல்லாம் தலைமுறை தலைமுறையாகக் கடலில் கற்றது. சரக்கு ஏற்கெனவே வள்ளத்தில் இருக்கிறது. வள்ளத்தைத் திருப்பினால் போதும். பயிற்சி அங்கே தேவைப்படவில்லை என்பது ஜென்சன் பக்க வாதம். பயிற்சி முன்பே முடிந்திருந்தது என்பது என் வாசிப்பு. கேரளத்திலேயே பிற கரைகளின் நிலைமை இப்படி இல்லை என்பதை ஆய்வாளர்கள் ஜானகி சீனிவாசனும் ஜென்னா பரலும் 2013-இல் எடுத்துக்காட்டினார்கள். கடன் கொடுத்தவருக்கே மீனைப் போடவேண்டிய கரையில், பக்கத்துக் கரை விலை தெரிந்து என்ன பயன்?

நிலத்துக்கு வருவோம். பொருளியலாளர்கள் மார்செல் ஃபாஃப்சாம்ப்ஸ், பார்ட் மின்டன் இருவரும் மகாராஷ்டிரத்தில் 100 கிராமங்களில் நடத்திய சோதனையின் முடிவு 2012-இல் வெளியானது. ராய்ட்டர்ஸ் மார்க்கெட் லைட் என்ற குறுஞ்செய்திச் சேவை ஓராண்டுக்கு இலவசமாகக் கொடுக்கப்பட்டது. விலையும் வானிலையும் கைபேசிக்கு வந்தன. விவசாயிக்குக் கிடைத்த விலையில் குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் இல்லை.

அதே மராத்தி மண்ணில் 1956-இல் நடந்த ஒன்றை இதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர்கள் குறைவு. புணே வானொலி மன்றங்களைச் சொல்கிறேன். யுனெஸ்கோ துணையோடு அகில இந்திய வானொலி நடத்திய முயற்சி அது. ஏறத்தாழ 150 கிராமங்களில் மன்றத்துக்கு 20 பேர் அளவில் கூடினார்கள். வாரம் இருமுறையாக 10 வாரத்தில் 20 நிகழ்ச்சிகள். கேட்டவுடன் கலைந்துபோகாமல் உட்கார்ந்து பேசினார்கள். ஐயங்களை வானொலிக்கு எழுதி அனுப்பினார்கள். டாடா சமூக அறிவியல் நிறுவனத்துக்காக இதை மதிப்பிட்ட பால் நியூராத், ஒப்பிடுவதற்காக மன்றம் இல்லாத ஊர்களையும் எடுத்துக்கொண்டார். அவற்றில் சிலவற்றில் வானொலிப் பெட்டி இருந்தது, சிலவற்றில் இல்லை. மன்ற ஊர்களில் அறிவு வெகுவாக வளர்ந்திருந்தது. மன்றம் இல்லாத ஊர்களிலோ பெட்டி இருந்தாலும் இல்லாவிட்டாலும் வளர்ச்சி அற்பமே. கருவியும் பழக்கமும் வெவ்வேறு என்பதற்கு ஜென்சனுக்கு 51 ஆண்டு முன்பே கிடைத்த சான்று இது. அந்த நிகழ்ச்சிகள் சந்தை விலையைக் குறிவைத்தவை அல்ல என்பதையும், நியூராத் அளந்தது அறிவை, வருமானத்தை அல்ல என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த அளவுக்கு என் வாதம் இங்கே மெலிந்ததுதான். ஆனாலும் இரண்டு சோதனைகளையும் சேர்த்துப் படிப்பவர், கூடிப் பேசிய கூட்டத்தைத் தனி ஆளின் சட்டைப்பைச் செய்தியாகச் சுருக்கியதில் எதை இழந்தோம் என்று கேட்காமல் இருக்க முடியாது.

புதுச்சேரியில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998-இல் வில்லியனூரை மையமாக வைத்துத் தொடங்கிய கிராமத் தகவல் மையங்கள் இந்தப் பழைய வழிக்கே திரும்பின. ஊர்க்காரர்களுக்கு என்ன தெரியவேண்டும் என்று முதலில் கேட்டார்கள். ஊரிலேயே தன்னார்வலர்களை, பெரும்பாலும் பெண்களை, பழக்கினார்கள். தானிய விலையும் உர விலையும் எம்பலம் கிராமத்தில் கோயில் இடத்திலேயே கிடைத்தன. மீனவ ஊரான வீராம்பட்டினத்தில் அலை உயரம் ஒலிபெருக்கியில் ஒலித்தது. பிறகு வந்த, மத்திய அரசின் சந்தை விலைத் தளமான அக்மார்க்நெட்டும் (2000) மின்னணு வேளாண் சந்தையான இ-நாமும் (2016) பரப்பில் மிகப் பெரியவை. ஆனால் அவற்றில் விலையைப் படித்துச் சொல்ல பக்கத்தில் ஓர் ஆள் இல்லை.

படித்துச் சொல்ல என்ன இருக்கிறது என்பவர்களுக்காக ஒரே ஒரு தொடரை எடுத்துக்கொள்கிறேன். கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகம் வெளியிடும் விலை முன்னறிவிப்புகள் நாளிதழ்களில் வருகின்றன. அவற்றில் திரும்பத் திரும்ப வரும் வாய்பாடு, ‘தரமான மக்காச்சோளத்தின் பண்ணை விலை’ என்பது போன்றது. அதில் ‘தரமான’ என்ற ஒரு சொல்லுக்குள் காய்ச்சல், ஈரப்பதம், பூஞ்சை, உடைந்த மணி எல்லாம் அடக்கம். ஈரம் கூடினால் வியாபாரி கழிவு போடுவார். அறிவிப்பில் பார்த்த விலை கைக்கு வராது. ‘பண்ணை விலை’ என்றால் வயலோரத்தில் நின்று வாங்கும் விலை. விற்பனைக்கூட விலையோடு அதை ஒப்பிட, இடையில் உள்ள செலவைக் கழிக்கவேண்டும். உள்ளூர் வியாபாரியைவிட விற்பனைக்கூடத்தில் குவிண்டாலுக்கு 80 ரூபாய் கூடுதல் என்று வைத்துக்கொள்வோம். 10 குவிண்டால் கொண்டுபோகிறவருக்கு 800 ரூபாய் கூடும். குட்டியானை என்னும் சிறு சரக்கு வண்டியின் வாடகை 1,000 ரூபாய் என்றால், ஏற்றுக்கூலி இறக்குக்கூலிக்கு முன்பே 200 ரூபாய் கைநட்டம். நான்கு பேர் சேர்ந்து ஒரே வண்டியில் 40 குவிண்டால் போட்டால், அதைவிடப் பெரிய வண்டியாக இருந்தாலும், கணக்கு தலைகீழாகும். அக்மார்க்நெட் பட்டியலில் உள்ள குறைந்த விலை, கூடிய விலை, மிகுதியாக நடந்த விலை என்ற மூன்றில் தன் சரக்கு எதற்கு வரும் என்று தெரிவதும் இப்படிப்பட்ட பழக்கம்தான். பயிற்சி என்று நான் சொல்வது இவ்வளவே. பென்சிலும் காகிதமும் நான்கு பக்கத்து வயல்காரர்களும் போதும்.

கமிஷன் மண்டியில் முன்பணம் வாங்கியவருக்கு இந்தக் கணக்கும் உதவாது என்று சொல்வார்கள். உண்மை. அதனால்தான் பயிற்சியில் விலையோடு கடனையும் பேசவேண்டும். ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தின் மறைமுக ஏலத்தில் விழுந்த விலை பிடிக்காவிட்டால் விவசாயி சரக்கைக் கொடுக்க மறுக்கலாம். கிடங்கில் இருப்பு வைத்துப் பொருளீட்டுக் கடனும் வாங்கலாம். விலையை அறிவிக்கும் செய்தியில் இந்த இரண்டும் சேர்ந்து வருவதில்லை.

முன்னறிவிப்பை எழுதும் அறிஞர்களுக்கும் அதை ஊருக்குக் கொண்டுபோகும் வேளாண் அலுவலர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த பருவத்து அறிவிப்பில் விலைக்குக் கீழே ஈரப்பதக் கழிவுக்கு ஒரு வரி, வண்டி வாடகைக்கு ஒரு வரி, பொருளீட்டுக் கடனுக்கு ஒரு வரி சேருங்கள். அதைப் பத்துப் பேரைக் கூட்டிவைத்து ஒருமுறை உரக்கப் படித்துக் காட்டுங்கள்.